கிழிக்காத சீட்டுகள்

சப் கலெக்டர் மேடம். அவருக்கு வலது பக்கம் எங்கள் கிளை மேலாளர் ராஜமாணிக்கம். டெப்போவில் அவரை பி.எம். என்போம். இடது பக்கம் தையல் கம்பெனி முதலாளி சிவக்குமார். அவரை ஒட்டி, வழியில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். கம்பெனிப் பெண்களுக்காகப் பேச வந்த மாதம்மா. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் நின்றபடி டிரைவர் கோவிந்தன். கதவுக்குப் பக்கத்தில் நான், கண்டக்டர் சவரிமுத்து. மொத்தம் ஏழு பேர். டீ எட்டு வந்தது.

பேச வேண்டியது ஒன்றுதான். காலை ஆறே முக்கால் பஸ் நடையை, அந்த ஒரு ட்ரிப்பை, ஓட்டுவதா, நிறுத்துவதா.

இப்போது நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. காலையில் டீக்கடைப் பக்கம் நிற்பேன், வண்டி வந்தால் ஏறுகிறவர்களை எண்ணுவேன். எண்ணி என்ன செய்யப் போகிறேன் என்று என் மனைவி கேட்பாள். போன வாரம் டெப்போவுக்குப் போனேன். இண்டூர்ப் பக்கம் இன்னும் நான்கு கம்பெனி வரப்போகிறதாம். முதலாளிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசக் கூட்டம் போடுகிறார்களாம். தொழிலும் அரசும் கை கோத்தால் இரண்டு பேருக்கும் நன்மை என்று பேனரே அடித்துவிட்டார்கள். புதுக் கண்டக்டர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க அன்னிக்கு சப் கலெக்டர் ரூம்ல இருந்தவருங்க. என்னா நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. நாங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கிறோம்."

"எனக்கு எழுத வராதுப்பா."

"வே பில் எழுதுனீங்கல்ல முப்பது வருசம். அது மாதிரி எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன்.

பத்தாவது இரண்டாம் தடவையில் பாஸ். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. லைசென்ஸ் எடுத்தேன், வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் ஒரு மாதம் ஒரு மூத்த கண்டக்டர் பின்னால் நின்றேன். அவர் சொன்னது ஒன்றுதான். காசை வாங்கு, சீட்டைக் கிழி, அப்புறம்தான் மூச்சு விடணும். அவ்வளவுதான் பயிற்சி.

வேலை இப்படி. வண்டி எடுப்பதற்கு முன்னால் சீட்டுக் கட்டுகளின் முதல் நம்பரை வே பில்லில் எழுத வேண்டும். வே பில் என்பது ஒரு நடைக்கு உரிய தாள். கட்டணம் மாறுகிற ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும் அதுவரை கிழித்த நம்பரை எழுதி மூட வேண்டும். வண்டி குலுங்கும்போது கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு எழுத வேண்டும். கடைசி நம்பரில் முதல் நம்பரைக் கழித்தால் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரியும். மேலே இருக்கிறவர்களுக்கு எங்கள் பஸ் என்பது அந்தத் தாள்தான். வண்டியை அவர்கள் பார்க்க மாட்டார்கள். தாளைப் பார்ப்பார்கள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது தனிச் சீட்டு வந்தது. காசு வாங்கக் கூடாது. சீட்டு மட்டும் கிழித்துக் கொடுக்க வேண்டும். எத்தனை சீட்டோ அதற்கு உரிய பணத்தை அரசாங்கம் டெப்போவுக்குக் கொடுத்துவிடும்.

எங்கள் வண்டி கல்லுப்பட்டியில் இரவு தங்கும். ஏரியூருக்கும் அப்பால், ரோடு முடிகிற இடம். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி ஏரியூர், பென்னாகரம் வழியாக இண்டூர் வரும்போது எட்டு நாற்பது. வழியெல்லாம் கம்பெனிப் பெண்கள். இண்டூரில் கடைசி ஸ்டாப் கம்பெனிதான். ஆரம்பத்தில் முதலாளி இரண்டு வேன் ஓட்டினார். பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனதும் வேனை நிறுத்திவிட்டார். அதிலிருந்து எல்லோரும் எங்கள் வண்டிதான்.

பென்னாகரம் தாண்டினால் உள்ளே நுழைய முடியாது. பையில் சாப்பாட்டு டப்பா, தோளில் தோள். ஆண்களிடம் காசு வாங்க மட்டும் எப்படியோ நுழைந்து போவேன். பெண்கள் பக்கம் கையை நீட்டினால் சிரிப்பார்கள்.

"சும்மா சீட்டுதானண்ணா. அதுக்கு எதுக்கு இந்த நசுங்கல்? வுடுங்க."

"அண்ணன் எறங்குறதுக்குள்ள சட்டை பட்டன் ஒன்னும் மிஞ்சாது."

விட்டேன். முதலில் ஒரு நாள். அப்புறம் தினமும். ஏரியூர் வரை கிழிப்பேன். அதற்கு மேல் கிழிப்பதில்லை. காசுச் சீட்டு ஒன்று விட்டால் செக்கிங்கில் மாட்டிக்கொள்வேன், மெமோ வரும். காசில்லாத சீட்டை விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நினைத்ததுகூட இல்லை. கை பழகிவிட்டது.

மாதம்மா மட்டும் கேட்டு வாங்குவாள். கல்லுப்பட்டிக்காரி. முப்பது வயசு இருக்கும். வாய் நீளம்.

"என் சீட்டு எங்கண்ணா?"

"காசா பணமா, எதுக்கு உனக்கு?"

"நானும் ஏறுனேன்னு ஒரு அத்தாட்சி வேணும்ல. நாளைக்கு நீங்களே இல்லன்னு சொல்லிட்டா?"

கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சீட்டை மடித்து டப்பா மூடிக்குள் வைத்துக்கொள்வாள்.

டெப்போவில் நடைகளைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு நடையில் கடைசி ஸ்டாப் வரை நாற்பது பேராவது வரவில்லை என்றால் அதை எடுத்துவிட வேண்டும். பி.எம். தாள்களைப் புரட்டினார். ஆறே முக்கால் நடையில் கம்பெனி ஸ்டாப்புக்குக் கிழித்த சீட்டு சராசரி இருபத்தாறு. முதலாளி மறுபக்கம் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். எட்டரைக்கு ஷிப்ட், பஸ் பத்து நிமிஷம் லேட், ஆளுக்கு அரை மணி நேரச் சம்பளம் போகிறது, வண்டியை முன்னால் எடுங்கள் என்று. இரண்டு காகிதமும் சப் கலெக்டர் மேடத்தின் மேஜைக்குப் போனது. வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார்.

பி.எம்.மைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார். பேனா மூடியால் தாளைத் தட்டிக்கொண்டே இருப்பார். அன்பாக இருந்தால் 'என்ன சவரி' என்பார். 'ஐயா' என்று கூப்பிட்டால் அன்று யாருக்கோ மெமோ உண்டு. காலை ஐந்தரைக்கு டெப்போ கேட்டில் நிற்பார். ஒரு வண்டி ஹாரன் அடிக்காவிட்டால்கூட எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். தாள் மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். தாள் நாங்கள் எழுதியது.

முதலாளி கோயம்புத்தூர்ப் பக்கம். வெள்ளைச் சட்டை. பதற்றமாகவே இருப்பார். ஒரு நோட்டைத் திறந்து மேஜை மேல் வைத்தார்.

"எண்பது பேருங்க மேடம். இந்தாங்க, பேரோட இருக்குது. எண்பதும் அந்த ஒரு வண்டியிலதான் வருது. பின்தங்கின ஏரியா, கம்பெனி போடுங்க, பஸ் நாங்க பாத்துக்கறோம்னு சொல்லித்தானுங்க எங்களைக் கூப்பிட்டீங்க."

பி.எம். மூடியால் தட்டினார். "இருபத்தாறு பேருங்க ஐயா. எங்க தாள்ல இருபத்தாறுதான் இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா?"

"நான் அப்டிச் சொல்லலைங்க ஐயா. வேனை நிறுத்திட்டீங்க. அரசாங்க வண்டி உங்க கம்பெனி வண்டி மாதிரி ஓடணும்னு ஆசை. அதுக்கு எண்பதுன்னு எழுதுறீங்க."

"கவர்மெண்டு ஆபீஸ் வேலைதானுங்களே இது. எங்க பொண்ணுங்கள எண்றதுக்குக்கூட உங்களுக்கு நேரமில்ல. ஓசூர்ல எடம் பாத்தாச்சுங்க. நான் போயிர்றேன்."

தலைமையாசிரியர் தன் பங்குக்கு, வண்டி நின்றால் மேல்வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவார்கள் என்றார். மேடம் மாதம்மாவைப் பார்த்தார்.

மாதம்மா எழுந்தாள். "எண்பது பேரு நெசந்தாங்க மேடம். பஸ்ஸு நின்னா எங்களுக்கு வேற வழி இல்லைங்க. என் வூட்டுக்காரரு பெங்களூருக்கு வா, சென்ட்ரிங் வேலைக்குப் போலாங்குறாரு. எனக்கு ஆறாவது படிக்கிற பொண்ணு இருக்குது. நான் போகமாட்டேன்னு நிக்கிறேன். பஸ்ஸு இருந்தாதான் நிக்க முடியும்." பிறகு என் பக்கம் கை காட்டினாள். "அண்ணனக் கேளுங்க. அவருதான் தெனமும் பாக்குறாரு."

மேடம் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க கண்டக்டர். எத்தனை பேர் ஏறுவாங்க?"

எனக்கு ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு மெமோ இல்லை. பி.எம். தட்டுவதை நிறுத்திவிட்டார். கோவிந்தன் தரையைப் பார்த்தான். கண்ணாடியில் தினமும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறவன் அவன். நான் சொன்னால்தான் அவன் சொல்வான்.

"தாள்ல இருக்குறதுதாங்க மேடம்" என்றேன்.

மாதம்மா நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சீட்டு வைக்கிற டப்பா அதில் இருந்திருக்கும். அவளிடம் அவள் சீட்டுதான் இருந்தது, மற்றவர்கள் சீட்டு இல்லையே.

திங்கள் முதல் நடை ரத்து என்று எழுதினார்கள். டீ ஒன்று யாரும் எடுக்காமல் ஆடை கட்டிக் கிடந்தது.

சனிக்கிழமை அதே வண்டி, அதே கூட்டம். யாரும் அண்ணா என்று கூப்பிடவில்லை. மாதம்மா சீட்டு கேட்கவில்லை. நான் நீட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஸ்டாண்டில் இறங்குவேன், ஏறுவேன். கோவிந்தன் சொன்னான், "யோவ், உக்காருய்யா. வண்டி ஆடுது."

"நான் பொய் சொல்லிட்டேன் கோவிந்தா."

"தெரியும். நானும் வாய மூடிட்டுத்தான நின்னேன்."

ஞாயிறு பூசை முடிந்தது. வீட்டுக்குப் போகவில்லை. நேராக டெப்போ. பி.எம். ஞாயிறும் இருப்பார்.

"என்ன சவரி, கோயில்லருந்து நேரா இங்கியா?"

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"உட்காருங்க ஐயா" என்றார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருசம் இருக்குங்க."

"ஏன்?"

"கூட்டங்க. உள்ள போக முடியலைங்க."

"அதே கூட்டத்துல ஆம்பளைங்ககிட்ட காசு வாங்குனீங்களே. அதுக்கு மட்டும் எப்டிப் போச்சு கை?"

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"மூனு மாசந்தான இருக்கு. பேசாம இருந்திருக்கலாமே?"

"இருந்தேங்க சார். ரெண்டு நாள் இருந்தேன்."

வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "நடந்தத உங்க கையால எழுதுங்க." பதினொரு வரி எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இது உங்களுக்கு எதிரா நிக்கும். ஆனா அந்த நடைக்கு இது ஒன்னுதான் ஆதாரம். ரெண்டையும் தெரிஞ்சிதான எழுதுனீங்க?"

"ஆமாங்க."

அப்புறம் போனை எடுத்தார். முதலாளிக்கு. நான் எழுந்து போக நினைத்தேன், கையால் உட்காரச் சொன்னார்.

"சார், ராஜமாணிக்கம் பேசறேன். அன்னிக்கு உங்களைச் சொன்னது தப்பு. எங்க தாள்தான் தப்பு. மேடத்துகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு வண்டி ஓடும். நீங்க கம்பெனி கேட்டுக்கு வாங்க, நானும் வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம். நாப்பதுக்குக் கொறஞ்சா நடை போயிடும், அப்ப என்னைக் கேக்கக் கூடாது."

அந்தப் பக்கம் முதலாளி ஏதோ சொன்னார். பி.எம். முதல் தடவையாகச் சிரித்தார். "வர்றேங்க. டீ வேணாம்" என்றார்.

எண்ணிய பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணி முடித்து, கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். ஒன்றரை வருஷத்து மனுக்கள் இருபது நிமிஷம். வண்டியை முன்னால் எடுக்க முடியாது, டிரைவரின் ஓய்வு நேரம் குறையும் என்றார் பி.எம். அப்படியானால் ஷிப்டை எட்டு ஐம்பதுக்கு மாற்றிக்கொள்கிறேன், சாயங்காலம் இருபது நிமிஷம் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் முதலாளி. வண்டி திரும்ப இடம் இல்லாமல் மெயின் ரோட்டில் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தோம். கம்பெனி காம்பவுண்டுக்குள் திரும்பிக்கொள்ளுங்கள் என்றார். அதில் எங்களுக்கு ஐந்து நிமிஷமும் டீசலும் மிச்சம். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் எப்போதும்போல போய்ச் சேர்ந்தார்கள். நிஜமான எண்ணிக்கை மேலே போனதும் அதற்கு உரியது டெப்போவுக்கு வந்தது. பென்னாகரத்திலிருந்து இன்னொரு வண்டியும் விட்டார்கள். கம்பெனி ஓசூருக்குப் போகவில்லை. இப்போது இரண்டு ஷெட். முதலாளி தர்மத்துக்குச் செய்யவில்லை, பி.எம். தயவுக்குச் செய்யவில்லை. அவரவருக்கு வேண்டியது மற்றவரிடம் இருந்தது. அது இருக்கிறது என்று தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நான்.

எனக்கு சார்ஜ் மெமோ வந்தது. ஓய்வு உத்தரவு நான்கு மாதம் நின்றது. பி.எம். அந்த மெமோவில் கையெழுத்துப் போட்ட அன்று என்னை 'சவரி' என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது அந்தத் திங்கட்கிழமை.

ஆறரைக்குக் கல்லுப்பட்டி ஸ்டாப்பில் ஆறு பேர் நின்றார்கள். வழக்கமாக இருபது இருக்கும். நடை ரத்து என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. வண்டி இரவு வந்து தங்கியதைப் பார்த்தவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். ஆறு பேர்.

லட்சுமி என்று ஒரு பெண், மாதம்மாவின் பக்கத்து வீடு. அவளிடம் போனேன். "எல்லாருக்கும் போன் போடும்மா. வண்டி ஓடுது, வரச் சொல்லு."

"இன்னிக்கு மட்டுமா, நாளைக்குமா?"

"வந்தாதான் நாளைக்கு."

அவள் போட்டாள். மற்ற ஐந்து பேரும் போட்டார்கள். "ஏய், பஸ்ஸு நிக்குதுடி. சோறு கட்டலன்னா பரவால்ல, ஓடியா." கோவிந்தன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. சந்துகளிலிருந்து தலை பின்னிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி ஒரு காலில் செருப்போடு வந்தாள், இன்னொன்று கையில்.

"மாதம்மா எங்க?" என்றேன்.

"நேத்தே மூட்டை கட்டிட்டாங்கண்ணா. பஸ்ஸும் இல்ல, இனி என்னா சாக்கு சொல்லப்போறன்னு வூட்டுக்காரரு கூட்டிட்டுப் போயிட்டாரு. பெங்களூரு. பொண்ணையுந்தான்."

"அவளுக்கும் போடு."

"போட்டேண்ணா." லட்சுமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சிரிச்சா. என் சீட்ட அண்ணனையே வெச்சிக்கச் சொல்லுன்னா."

வண்டி கிளம்பியது. ஏரியூரில் சிலர். அடுத்த ஊரில் யாருமே இல்லை. கோவிந்தன் இரண்டு நிமிஷம் நிறுத்தினான், வயல் வழியாக நான்கு பேர் ஓடி வந்தார்கள். வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் போனில். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நான் முதலில் இறங்கி ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். பென்னாகரத்தில் ஷேர் ஆட்டோ பேசி வைத்திருந்த ஒன்பது பேர் ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு எங்கள் வண்டிக்கு வந்தார்கள்.

நான் உள்ளே நுழைந்தேன். முன்படியிலிருந்து பின்படி வரை. ஒவ்வொரு கையிலும் சீட்டு.

"இன்னிக்கு என்னண்ணா, கல்யாண வூட்டுல வெத்தலபாக்கு குடுக்குற மாதிரி தேடித் தேடிக் குடுக்குறீங்க?"

"மொய் எழுதணுமாண்ணா?"

"எழுதறேன்" என்றேன். ஒவ்வொரு ஸ்டேஜிலும் நம்பர் எழுதி மூடினேன். சட்டையில் இரண்டு பட்டன் போனது நிஜம்.

எட்டு நாற்பது. கம்பெனி கேட். முன்படி கீழே முதலாளி, கையில் அந்த எண்பது பேர் நோட்டு. பின்படி கீழே பி.எம். மேடம் அனுப்பிய கிளார்க் ஒருவர் நடுவில், தாளோடு. கோவிந்தன் இன்ஜினை அணைத்தான். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இரண்டு பேரும் வாய்க்குள் எண்ணினார்கள். முதலாளி ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டார். கடைசியில் லட்சுமி இறங்கினாள். முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நோட்டைப் பார்த்தார். கல்லுப்பட்டிப் பெண்களின் பெயர்களில் ஒன்றுக்கு நேராக டிக் இல்லை.

கிளார்க் இரண்டு எண்ணிக்கையையும் கூட்டினார். பி.எம். என்னிடம் வே பில்லைக் கேட்டார். கொடுத்தேன். கம்பெனி ஸ்டாப்புக்குக் கிழித்த பெண்கள் சீட்டில் கடைசி நம்பரிலிருந்து முதல் நம்பரைக் கழித்தார். கிளார்க்கின் தாளும் என் தாளும் ஒன்றாகவே இருந்தன.

எழுபத்தொன்பது.